காப்புப்பிரதி எடுக்கும்போது கணினி அணைந்தால் என்ன ஆகும்?

ஸ்ரீராம்புரம் (பெங்களூரு): ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் மாலை மழை காற்றோடு வந்தால், மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகள் மீது விழுவதும் மின்சாரம் தடைபடுவதும் வழக்கம். தமிழர்கள் பெருமளவில் வசிக்கும் ஸ்ரீராம்புரம் போன்ற நெருக்கமான பகுதிகளில், ஒற்றை அறையில் இயங்கும் கணக்கு அலுவலகத்துக்கும் திருமணப் படம் எடுக்கும் ஸ்டூடியோவுக்கும் அது சங்கடமான நேரம். கடையைச் சாத்தும் முன் அன்றைய கோப்புகளை நெட்வொர்க் வழியாக வேறொரு சேமிப்புக் கருவிக்கு நகலெடுக்கும் வேளையும் பெரும்பாலும் அதுவே.

நகலெடுக்கும் பணி பாதி முடிந்திருக்கும்போது கணினி அணைந்துவிட்டால், அசல் கோப்புகள் அழிந்துவிடுமோ என்ற அச்சமே பலருக்கும் முதலில் எழுகிறது. இந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. காப்புப்பிரதி எடுக்கும் மென்பொருள் அசல் கோப்பைப் படிக்க மட்டுமே செய்கிறது. அதில் எதையும் எழுதுவதில்லை. ஆனால் அதே நேரத்தில் கணக்கு மென்பொருள் திறந்திருந்து, அதில் பதிவுகள் ஏறிக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, தன் கட்டமைப்பில் செய்யும் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, மீண்டும் இயங்கும்போது சரிசெய்துகொள்கிறது. எனினும் அது காப்பது கட்டமைப்பை மட்டுமே. கோப்பினுள் பாதி எழுதப்பட்ட பதிவுக்கு அது பொறுப்பேற்காது.

உண்மையான ஆபத்து மறுமுனையில், அதாவது நகல் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது.

சாதாரண முறையில் ஒரு கோப்பை இழுத்துப் போட்டு நகலெடுக்கும்போது, விண்டோஸ் முதலிலேயே அந்தக் கோப்பின் முழு அளவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, பிறகு உள்ளடக்கத்தை நிரப்புகிறது. பயனாளரே இடையில் நிறுத்தினால், அரைகுறைக் கோப்பை அதுவே நீக்கிவிடும். மின்சாரம் போய்விட்டால் நீக்குவதற்கு ஆளில்லை. மறுநாள் பார்க்கையில் கோப்பின் பெயரும் அளவும் சரியாகவே தோன்றலாம். திறந்தால்தான் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம் என்பது தெரியவரும். அதைவிட மோசமானது, நேற்றைய நகலின் மீதே இன்றைய நகலை எழுதுவது. அவ்வாறு எழுதும்போது கணினி அணைந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அசல் கணினியின் ஹார்டு டிஸ்க்கும் அதே மின்தடையில் பழுதானால், எடுத்த திருமணப் படங்களை மறுபடி எடுக்க முடியாது.

இதற்கான தீர்வு புதியதன்று. 1996இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஆர்சிங்க் என்ற கட்டற்ற மென்பொருள், வரும் தரவை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதுகிறது. முழுவதும் வந்து சேர்ந்த பிறகே அதற்கு உண்மையான பெயரைச் சூட்டி, பழைய கோப்பை மாற்றுகிறது. இடையில் கணினி அணைந்தாலும் நேற்றைய நகல் அப்படியே இருக்கும். விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பியிலும், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு. ஆனால் அதை நாமே கேட்டுப் பெற வேண்டும். ஆப்பிள் கணினிகளின் டைம் மெஷின், நெட்வொர்க்கில் எடுக்கும் நகல்களை ஒரே பெரிய வட்டுப் பிம்பத்துக்குள் வைக்கிறது. இணைப்பு அடிக்கடி அறுந்தால் அந்தப் பிம்பம் பழுதாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கச் சொல்லும் அறிவிப்பு வரக்கூடும்.

நகலெடுப்பின் நடுவே ஏற்படும் குறுக்கீடு பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், மீக்கணினியின் காப்புப்பிரதி நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய வடிவம் பழையதன் மேல் எழுதப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த நிரல் பாதியில் திசைமாறி, பழைய பதிவேடுகளை மட்டும் நீக்குவதற்குப் பதில் ஆய்வாளர்களின் கோப்புகளையே அழித்தது. சுமார் 77 டெராபைட் அளவிலான, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் போயின. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்க இயலவில்லை. மின்தடைக்கு அதில் பங்கில்லை. பணி நடுவே கை வைத்ததே காரணம்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, நோயாளிகள் குறித்த இ-ஹாஸ்பிடல் தரவுகள் பாதிப்படையாத ஒரு காப்புச் சர்வரிலிருந்து மீட்கப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தாக்குதல் எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருந்ததால்தான் அது சாத்தியமானது.

சிறு அலுவலகங்களில் கவனிக்கப்படாத மற்றொன்று மின் இணைப்பு. கணினிக்கு யூபிஎஸ் இருக்கும். சுவரில் தொங்கும் ரவுட்டருக்கும் மூலையில் கிடக்கும் சேமிப்புக் கருவிக்கும் இருக்காது. கணினி அணையாமலே நகலெடுப்பு அறுந்துபோகும். மடிக்கணினி என்றால் மூடியைச் சாத்துவதே போதும்; அது உறக்க நிலைக்குச் சென்று இணைப்பைத் துண்டித்துவிடும். நள்ளிரவில் தானாக மறுதொடக்கம் செய்யும் விண்டோஸ் புதுப்பிப்பும் இதே வேலையைச் செய்யும்.

இவ்வாறு நின்றுபோனால், மின்சாரம் வந்ததும் பழைய நகல் எதையும் நீக்காமல் நகலெடுப்பை முழுமையாக மறுபடி ஓட்ட வேண்டும். அன்றாட மாற்றங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும் முறையில், ஒருநாள் நகல் பழுதானால் அதைச் சார்ந்த அடுத்த நாள்களின் நகல்களும் பயனற்றுப் போகலாம் என்பதால், புதிதாக ஒரு முழு நகல் எடுப்பது நல்லது. பிறகு மென்பொருளின் பதிவேட்டில் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, நகலிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்தும் பார்க்க வேண்டும். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் அலுவலகங்கள், இந்தச் சோதனையை 19ஆம் தேதி மாலைக்குத் தள்ளிவைக்காமல் இருந்தால் சரி.