கித்தானில் ஏறிய வர்ணம்

சிதம்பரத்தில் சிவகாமசுந்தரி சந்நிதியின் முன்மண்டப விதானத்தில், நாயக்கர் காலத்துச் சித்திரக்காரர்கள் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிவைத்த பிக்ஷாடனர் கதையையும் மாணிக்கவாசகர் சரித்திரத்தையும் கழுத்து நோக அண்ணாந்து பார்த்து வளர்ந்த எங்கள் கடலூர்ப் பக்கத்தாருக்கு, சித்திரமென்றால் கதை சொல்லவேண்டும் என்ற எண்ணம் இளமையிலேயே வேரூன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தோடுதான் பல ஆண்டுகளுக்கு முன்பு, கே. எம். ஆதிமூலத்தின் புதிய தைலவர்ண ஓவியங்கள் மட்டும் இடம்பெற்ற தனிக் கண்காட்சி ஒன்றுக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் திகைத்து நின்றுவிட்டேன்.

1938இல் துறையூருக்கு அருகே கீராம்பூரில் பிறந்து, பணிக்கர் முதல்வராகவும் தனபால் ஆசிரியராகவும் இருந்த காலத்தில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற ஆதிமூலத்தை, பத்திரிகை வாசகர்களாகிய நாம் அறிந்ததெல்லாம் கோட்டுச் சித்திரங்களின் வாயிலாகத்தான். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த மகாத்மாவையும், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் தந்த படங்களையும் கண்டவர்கள், கறுப்பு மையை விட்டால் அவருக்கு வேறு உலகமில்லை என்றே நினைத்திருப்பார்கள். இங்கேயோ மனித உருவமும் இல்லை, கதையும் இல்லை. சுவரெங்கும் நீலமும் செம்மண் நிறமும் மஞ்சளும் திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தன.

தைலவர்ணத்தின் இயல்பைச் சற்றே அறிந்துகொண்டால் இத்தகைய ஓவியம் நம்மோடு பேசத் தொடங்கும். பொடித்த வர்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள். அந்த எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகிப் போவதில்லை, காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. மேற்பரப்பு சில நாட்களில் காய்ந்துவிட்டாலும், கனமாக அப்பிய இடத்தின் உட்புறம் இறுக மாதங்கள், சில வேளை வருஷங்கள்கூட ஆகும். ஆகையினால் அடியில் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சையும், அதன்மேல் எண்ணெய்ச் சத்து மிகுந்த கனத்த பூச்சையும் இடுவது மரபு. முறை மாறினால் மேற்பூச்சு நாளடைவில் வெடித்துவிடும். இந்தத் தாமதம் ஓவியனுக்கு ஒரு வரம். நேற்றுப் பூசியதை இன்று சுரண்டலாம், கலைக்கலாம், அதன் மீதே வேறொரு நிறத்தை இழையவிடலாம்.

அச்சுப்படத்தில் இவையெல்லாம் தட்டையாகிவிடுகின்றன என்பதே என் மனக்குறை. அன்று நீலமயமான ஒரு கித்தானின் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். விளக்கொளி சாய்வாக விழுந்த இடங்களில் வர்ணம் உழுத வயலின் வரப்புகளைப்போல் மேடிட்டு, ஒவ்வொரு மேடும் தன் நிழலைத் தானே தாங்கியிருந்தது. நீலத்தின் கீழே எப்பொழுதோ இட்ட செம்மண் நிறம் ஓரிடத்தில் மட்டும், நகக்கண் அளவுக்கு, எட்டிப்பார்த்தது. அந்த ஒரு புள்ளியே முழுக் கித்தானையும் உயிரோடு வைத்திருந்தது என்று நான் உறுதியாகச் சொல்லுவேன்.

ஆதிமூலம் 2008இல் காலமானார். அந்தக் கண்காட்சிக்குப் பின் ஊர் திரும்பி, வழக்கம்போல் சிவகாமசுந்தரி சந்நிதியில் அண்ணாந்து நின்றபோது, பிக்ஷாடனரைத் தேடுவதற்கு முன்பாகவே, உருவங்களுக்கு இடையே பரந்து கிடந்த காவிச் சிவப்பில் என் பார்வை நெடுநேரம் தங்கிவிட்டது.