பேரை விடுங்க, முதல்ல ஊரைத் தேடுங்க

"கொள்ளுத்தாத்தா பேரைக் கூகுள்ல போட்டேன், ஒண்ணுமே வரலை"ன்னு நம்மள்ல பலர் சொல்வோம். வராதுதான். வம்சாவளி தேடுற வெளிநாட்டுத் தளங்கள் பெரும்பாலும் குடும்பப் பேரை நம்பி இயங்குது. நமக்கு அது கிடையாது. அப்பா பேர்தான் இனிஷியல், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிடும். மாறாம நிக்கிறது ஊர். அதனால அங்கேருந்து ஆரம்பிப்போம்.

ஆனா பழைய ஆவணத்துல ஊர்ப் பேரும் வேற மாதிரி இருக்கும். திருநெல்வேலி அப்போ 'டின்னவேலி'. இங்கிலீஷ்ல ரெண்டு என், ரெண்டு எல், கடைசியில ஒய். பாளையங்கோட்டை 'பாலம்கோட்டா', தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. எல்லையும் வேற. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் 1910 வரைக்கும் நெல்லை மாவட்டம்தான். தூத்துக்குடி பிரிஞ்சது 1986-ல, தென்காசி 2019-ல. செங்கோட்டை நம்ம பக்கம் வந்ததே 1956-லதான். அதுக்கு முன்னாடி அது திருவிதாங்கூர் பக்கம், அதனால அந்த ஊர்க்காரங்க கேரள ஆவணங்களையும் பார்க்கணும். உங்க தாலுகாவோட பழைய எழுத்துக்கூட்டல் தெரியணும்னா, பேட் தொகுத்த 1917 டின்னவேலி கெசட்டியர் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இலவசமா இருக்கு.

அடுத்து நிலம். பத்திரப்பதிவுத் துறைத் தளத்துல சர்வே எண் போட்டா வில்லங்க விவரம் வரும், பெரும்பாலும் 1975-லேருந்து. அதுல வர்ற பத்திர எண்ணை வச்சு நகல் வாங்குங்க. அதுக்குள்ள 'இன்னார் மகன் இன்னார்', நாலு எல்லைக்காரங்க பேர், முந்தைய பத்திர எண் எல்லாம் இருக்கும். ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணு, லிங்க்டு லிஸ்ட் மாதிரி பின்னாடி போகலாம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. தாமிரபரணிப் பாசன வயலை வச்சிருந்தவர் பேர் பத்திரத்துல இருக்கும். அதுல நாத்து நட்ட அம்மா பேர் இருக்காது. அப்போ நிலம் இல்லாத குடும்பம் எங்கே தேடுறது?

சிலருக்குக் கப்பல் பட்டியல் இருக்கு. 1860-லேருந்து 1911 வரைக்கும் தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாப் போனவங்க 1,52,184 பேர். சென்னை, கல்கத்தா துறைமுகங்கள்லேருந்து போன இவங்களைப் பத்தின பட்டியல்ல பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல உள்ள அடையாளம்னு பதிவு இருக்கு. பெண்களுக்கும் தனித்தனி வரி. குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தோட ஆவண மையம் இதை டிஜிட்டலா வச்சிருக்கு. ஆளைக் கணக்கு வைக்க எழுதின பட்டியல்தான் அது. ஆனா ஒரு ஏழைப் பொண்ணோட பேரும் ஊரும் எழுத்துல நிக்கிறது சில சமயம் அங்க மட்டும்தான்.

ரெண்டு எச்சரிக்கை. காதுல விழுந்தபடி எழுதின பேர்கள், அதனால ஒரே பேரைப் பல எழுத்துக்கூட்டல்ல தேடுங்க. பேர் மட்டும் ஒத்துப்போச்சுன்னு சொந்தம் கொண்டாடாதீங்க, அப்பா பேரும் ஊரும் சேர்ந்து ஒத்துப்போகணும்.

கங்காணி கூட இலங்கைத் தோட்டங்களுக்குப் போன பெரும்பாலானவங்களுக்கு நேட்டால் மாதிரி ஒப்பந்தப் பட்டியல் கிடையாது. அந்தப் பேர்கள் வீட்டுப் பெரியவங்க ஞாபகத்துலதான் இருக்கு. அதனால இந்த வாரம் ஒரு வேலை. ஆச்சிக்குப் போன் போடுங்க. அவங்க அப்பா பேர், அம்மா பேர், பூர்வீக ஊர், ஊரை விட்டுப் போனவங்க யார் யார்னு கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. வெப்சைட்டை அடுத்த மாசம்கூடப் பார்த்துக்கலாம்.