போரினின்று மீண்ட சிறார்

போர் முடிந்ததென்று ஓர் அரசு அறிவிப்பதற்கு ஒரு நாளும் ஒரு கையெழுத்தும் போதும். ஆனால், பத்து வயதில் பிடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்து வயதுவரை துப்பாக்கியேந்தி நின்ற சிறுவனுக்குப் போர் எந்த நாளில் முடிகிறது? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற நாடுகளுள் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன் ஒன்று. அந்நாட்டின் பட்டறிவைக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

1991ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டு மண்ணில் கிடைக்கும் வைரமே போருக்குப் பெருந்துணையாயிற்று. அரசை எதிர்த்த புரட்சி ஐக்கிய முன்னணி ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரைக் கவர்ந்து சென்றது. அரசின் பக்கம் நின்று போரிட்டோரும் சிறுவரைப் படையிற் சேர்த்தனர். சிறுவர் கூலி கேளார், அச்சுறுத்தினால் அடங்குவர், நன்மை தீமைகளை எடைபோடும் ஆற்றல் அவர்களிடம் முதிர்ந்திராது. அவர்களுக்குப் போதைப் பொருள்களை ஊட்டினர். சிலரைக் கொண்டு அவர்தம் உறவினருக்கும் ஊராருக்குமே கொடுமை இழைப்பித்தனர். அவ்வாறு செய்தவன் பின்னர் ஊர் திரும்ப அஞ்சுவான்; படையை விட்டு ஓடமாட்டான். திரும்பும் வழியை அடைத்துவிடுவதே அச்சூழ்ச்சியின் நோக்கம். அடைபட்ட அவ்வழியை மீண்டும் திறப்பதையே மறுவாழ்வுப் பணி என்கிறோம்.

1999ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லோமே நகரில் அமைதி உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. சிறுவர் போராளிகளுக்குத் தனிக் கவனம் வேண்டுமென்பதும் அதில் இடம்பெற்றது. இடையில் சண்டை மீண்டும் எழுந்தபோதிலும், 2002ஆம் ஆண்டு ஜனவரியில் போர் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 72,000 பேர் படைக்கலங்களைக் கைவிட்டனர்; அவர்களுள் 6,845 பேர் சிறார்.

அச்சிறாரை முதலில் இடைக்காலப் பராமரிப்பு இல்லங்களில் தங்கவைத்தனர். அவர்களைத் தலைவர்களின் பிடியினின்று பிரிப்பதே அங்கே முதல் வேலை. வேளைக்கு உணவு, மருத்துவம், பாடம், விளையாட்டு என்று நாள்முறை ஒன்று வகுக்கப்பட்டது. அச்சத்தையே ஒழுங்கென்று கற்றிருந்த பிள்ளைகள் அச்சமில்லாத ஒழுங்கை அங்கே பழகினர். அதே வேளையில் அவர்களுடைய பெற்றோரையும் உறவினரையும் ஊர் ஊராகத் தேடிக் கண்டுபிடிக்கும் பணியும் நடைபெற்றது. சிறாருள் மிகப் பெரும்பாலோர் குடும்பங்களோடு சேர்ந்தனர்.

ஆயினும், வீடு சேர்ந்ததனால் மட்டும் வாழ்வு சீர்ப்பட்டுவிடாது. தாய் கட்டித் தழுவலாம். அண்டை வீட்டார் கதவை அடைக்கலாம். ஆகவே, பிள்ளை வருமுன்னரே ஊர்த் தலைவர்களோடும் சமயப் பெரியோரோடும் பேசி ஊராரின் மனத்தைப் பக்குவப்படுத்த வேண்டியிருந்தது. சில ஊர்களில் மரபுச் சடங்குகளால் பிள்ளையைத் தூய்மைப்படுத்தி ஏற்றுக்கொண்டனர். பழைய வாழ்வு கழிந்தது என்பதை ஊரே கூடிநின்று ஒப்புக்கொள்ளும் செயல் அது.

அடுத்த படி பள்ளிக்கூடம். இங்கே ஓர் இடையூறு தோன்றியது. துப்பாக்கி தூக்கியவனுக்குப் புத்தகமும் உடையும் இலவசமாகத் தந்தால், ஒரு தீங்கும் செய்யாமல் அனைத்தையும் இழந்த பிள்ளை என்ன நினைப்பான்? தீமைக்குப் பரிசு கிடைக்கிறது என்றல்லவோ எண்ணுவான்! இதற்கு நல்லதொரு வழி காணப்பட்டது. போரினின்று மீண்ட மாணவரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு, யூனிசெப் நிறுவனத்தின் துணையோடு கல்விப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவை தனி மாணவனுக்கென்றில்லாமல் பள்ளி முழுவதற்கும் உரியன. ஒருவன் வரவால் எல்லாரும் பயன்பெற்றமையால், அவன் வகுப்புக்குச் சுமையாகத் தோன்றவில்லை. வயது கடந்தோர்க்காக, ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை மூன்றாண்டுகளில் முடிக்கும் திட்டமும் நடத்தப்பெற்றது. பதினைந்து வயதினனைக் குழந்தைகளோடு முதல் வகுப்பில் அமர்த்தினால் அவன் நாணத்தாலேயே பள்ளியைத் துறப்பான் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

இழைக்கப்பட்ட கொடுமைகளுக்கு நீதி எங்கே என்று சிலர் கேட்பர். முறையான கேள்வியே அது. சியரா லியோனுக்கென அமைந்த தனி நீதிமன்றத்தின் சட்டம், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரை விசாரிக்க இடமளித்திருந்தது. ஆயினும் சிறாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை என்று தலைமை வழக்குத் தொடுநர் அறிவித்தார். மாறாக, பதினைந்து வயது நிரம்பாதோரைப் படையிற் சேர்த்த தலைவர்கள் தண்டிக்கப்பட்டனர். 2007ஆம் ஆண்டு ஜூனில் அக்குற்றத்துக்காக வழங்கப்பட்ட தீர்ப்பு, பன்னாட்டு நீதிமன்றங்களிலேயே முதலாவது. 2012இல் லைபீரியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் சார்லஸ் டெய்லரும் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர்மீது உறுதிப்பட்ட குற்றங்களுள் இதுவும் ஒன்று.

இப்பணியில் பெருங்குறையும் இருந்தது. முறைப்படி விடுவிக்கப்பட்ட சிறாருள் பெண்கள் பத்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. படைக்கலம் ஒன்றைக் கொணர்ந்தவர்களையே போராளிகளென்று கருதும் போக்கு இருந்தது. சமைக்கவும், சுமை தூக்கவும், வலிந்து மனைவியராக்கப்படவும் கவர்ந்து செல்லப்பட்ட சிறுமியரிடம் துப்பாக்கி எங்ஙனம் இருக்கும்? அவர்களுட் பலர் உதவி எதுவும் பெறாமல், கைக்குழந்தையோடும் பழிச்சொல்லோடும் ஊர் திரும்பினர். போராளி யார் என்பதற்குத் தவறான இலக்கணம் வகுத்ததன் விளைவு அது.

தெரசா பெட்டன்கோர்ட் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், 2002 முதல் பல ஆண்டுகள் இந்நாட்டுச் சிறாரைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். போரிற் பட்ட கொடுமை ஆறா வடுவை விட்டதை அவர்கள் கண்டனர். அத்துடன், ஊர் திரும்பிய பின்னர்க் கிடைத்த வரவேற்பும் பிற்கால வாழ்வைப் பெரிதும் பாதித்தமை தெரியவந்தது. குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொண்டவர்களும், பள்ளியில் தொடர்ந்தவர்களும் மேல்நிலை எய்தினர். பழிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் சினமும் மிகுந்தன.

மாணவச் செல்வங்களே, நடந்துபோன கொடுமையை எவராலும் மாற்றவியலாது. ஆனால், மீண்டு வந்தவனுக்கு வகுப்பில் இடம் விட்டு அமர்வதும், அவனைப் பழம்பெயரிட்டு அழையாதிருப்பதும் உங்களையொத்த வயதினர் கையில் இருந்தன. அச்சிறுவனுக்குப் போர் முடிந்த நாள் எது என்று கேட்டோம். உடன்படிக்கை கையெழுத்தான நாளன்று. பக்கத்தில் அமர்ந்த மாணவன் அவனோடு அஞ்சாமல் பேசத் தொடங்கிய நாளே அது.