பத்தாயிரம் டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிலோ நூல்?

திருப்பூர் கம்பெனி ஒன்றுக்குப் பத்தாயிரம் டி-ஷர்ட் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உருப்படிக்கு 180 கிராம் துணி என்றால் மொத்தம் 1,800 கிலோ. நூல் துணியாகி, சாயமேறி, காம்பாக்டிங் முடிந்து வருவதற்குள் 10 சதவீதம் சேதாரம் என்றால், 2,000 கிலோ நூல் வேண்டும். குடோனில் 300 கிலோ இருக்கிறது. 1,700 கிலோ வாங்கினால் போதுமா? போதாது. அந்த 300 கிலோவில் 200 கிலோவைப் போன வாரமே வேறொரு ஆர்டருக்கு ஒதுக்கியாகிவிட்டது. வாங்க வேண்டியது 1,900 கிலோ.

அந்த ஒதுக்கீடு குடோன் பொறுப்பாளரின் நோட்டில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? கட்டிங் பாதி நடக்கையில் துணி பற்றாது. அவசரமாக நூல் வாங்கி மறுபடி சாயம் போட்டால் ஷேட் மாறும். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்த ஆர்டரின் லாபம் முழுவதையும் விமானக் கட்டணமே தின்றுவிடும்.

இந்தச் சிக்கலுக்குக் கணினி வழியே விடை தேடியவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் ஒர்லிக்கி. இருப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் வாங்கிப் போடுவதுதான் அதுவரை தொழிற்சாலைகளின் வழக்கம். ஒர்லிக்கி ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். வாடிக்கையாளர் எத்தனை கேட்பார் என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஆனால் எத்தனை செய்யப்போகிறோம் என்று முடிவானபின் மூலப்பொருளை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டே விடலாம். எவ்வளவு வேண்டும், கையில் எவ்வளவு, அதில் ஒதுக்கியது எவ்வளவு, வந்து சேர எத்தனை நாள் என்று டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கு அது. 1964-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எளிமையான எண்ணம்தான், ஆனாலும் தொழிற்சாலை நிர்வாகத்தில் இவ்வளவு பலன் தந்தவை சிலவே என்பேன்.

அடுத்த படி ஜெர்மனியில் நடந்தது. 1972-இல் ஐ.பி.எம்.மை விட்டு வந்த ஐந்து பேர் சாப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் வாடிக்கையாளர் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் நைலான் ஆலை. துளை அட்டைகளில் தகவலைச் சேர்த்துவைத்து மொத்தமாக ஓட்டிய காலம் அது. இவர்களோ, பதிவானதும் கணக்கில் ஏறும்படி மென்பொருள் எழுதினார்கள். கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இணையும் இத்தகைய மென்பொருளுக்கு ஈ.ஆர்.பி. என்ற பெயர் 1990-களில் நிலைத்தது.

ஈ.ஆர்.பி.யால் கிடைப்பவற்றில் முதன்மையானதாக எனக்குப் படுவது, ஒவ்வொரு ஆர்டரின் அடக்கவிலையும் வேலை நடக்கும்போதே தெரிவதுதான். சாயப்பட்டறைக்கு டெலிவரி சலான் போட்டு 500 கிலோ துணி அனுப்புகிறோம். 440 கிலோ திரும்புகிறது. சேதாரம் 12 சதவீதம். எடைபோட்டவர் பதிவு செய்த நிமிடத்திலேயே அந்த லாட்டின் செலவு திருத்தமாகிறது, கட்டிங்குக்குக் குறையும் துணி தெரிகிறது, பட்டறையின் பில்லைச் சரிபார்க்க எண் தயாராகிறது. ஷிப்மென்ட் போனபின் நஷ்டத்தைக் கண்டுபிடித்து என்ன பயன்?

ஆனால் தப்பான பதிவும் இதே வேகத்தில் எல்லா இடத்துக்கும் பரவும். மென்பொருளையே அவசரப்பட்டு அமைத்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனம் சாட்சி. நான்கு ஆண்டு வேலையை 30 மாதங்களாகச் சுருக்கி, மூன்று மென்பொருள்களை 1999-இல் ஒன்றாக இயக்கினார்கள். அதுவும் ஹாலோவீன் விற்பனை நெருங்கும் நேரத்தில். சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. விற்க மிட்டாய் இருந்தது, அனுப்பும் வழிதான் அடைபட்டிருந்தது.

ஆகவே ஆர்டர் குறைவான மாதத்தில், ஒரு யூனிட்டில் மட்டும் தொடங்குவது நல்லது. அதற்கு முன் குடோனில் இருக்கும் நூலையும் துணியையும் லாட் வாரியாக எடைபோட்டு எழுத வேண்டும். பயிற்சியை மேலாளர்களோடு நிறுத்திவிடாமல், தராசு அருகில் நின்று எண்ணைப் பதிபவருக்கே முதலில் கொடுக்க வேண்டும்.