தென்னை வண்டை அடக்கும் வைரசு நோய்

கமக்காரர் கருவண்டு என வழங்கும் காண்டாமிருக வண்டு, இரவிலே பறந்து வந்து தென்னங் குருத்தைத் துளைத்து அதன் சாற்றை உண்ணும். பின்னர் விரியும் ஓலைகள் கத்தரியால் வெட்டியனபோலக் காணப்படும். இளங்கன்றின் குருத்து அடியோடு சிதையுமாயின் கன்றே பட்டுவிடும். இப்பீடைக்கு உண்டாகும் நோயொன்றே அதனை அடக்கத் துணைபுரிகின்றது.

1909ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சமோவாத் தீவுக்குச் சென்ற இறப்பர்க் கன்றுகளோடு இவ்வண்டும் அங்கு புகுந்து, பெருகித் தென்னைகளை அழித்தது. 1963ஆம் ஆண்டில் ஊகர் என்னும் செர்மானிய அறிஞர், இவ்வண்டின் புழுக்களைக் கொல்லும் வைரசு ஒன்றை மலாயாவிற் கண்டறிந்தார். 1967ஆம் ஆண்டில் அது சமோவாவில் விடப்பட்டபின், வண்டுகளின் தொகையும் தென்னைகளின் சேதமும் பெரிதுங் குறைந்தன.

நோய் பரவும் முறை

வைரசு வாய்வழியே உட்சென்று வண்டின் நடுக்குடலிற் பெருகும். நோயுற்ற வண்டு உடனே இறப்பதில்லை. அது உண்பதும் முட்டையிடுவதும் குறையும்; ஆயினும் தன் கழிவோடு வைரசை வெளியேற்றிக்கொண்டே திரியும். புணர்ச்சியின்போதும், ஒரே குருத்தில் உண்ணும்போதும், முட்டையிடும் குவியல்களிலும் நோய் பிற வண்டுகளைத் தொற்றும். மாசடைந்த எருவை உண்ணும் புழுக்கள் ஒன்று முதல் நான்கு வாரத்துள் இறக்கும்.

வண்டின் உடலுக்கு வெளியே இவ்வைரசு நெடுநாள் நிலைப்பதில்லை. ஆதலால், அதனை மரங்களுக்குத் தெளிப்பதிற் பயனில்லை. வண்டுகளைப் பிடித்து, நோயூட்டி, மீண்டும் பறக்கவிடுவதே கையாளப்படும் முறையாகும். மனிதருக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் இவ்வைரசு தீங்கு செய்யாது.

கமக்காரர் செய்யவேண்டியவை

வைரசு வண்டுகளைக் குறைக்குமேயன்றி முற்றாக ஒழிக்காது. 2007ஆம் ஆண்டிற் குவாம் தீவிற் காணப்பட்ட வண்டினம் இந்நோய்க்கு எளிதில் ஆட்படவில்லை. ஆகவே, பின்வருவனவற்றைக் கைவிடலாகாது:

1. பட்ட தென்னை, பனை மரக்குற்றிகளை உக்கவிடாது பிளந்து எரித்துவிடுக.

2. மரக்கறித் தோட்டத்திற்கென வைத்திருக்கும் சாணம், கூட்டெரு ஆகியவற்றின் குவியல்களை இடையிடையே புரட்டி, அங்குள்ள பருத்த வெண்புழுக்களைப் பொறுக்கி அழிக்குக.

3. இளந்தென்னைகளின் குருத்தைத் தவறாது பார்வையிட்டு, துளையிலுள்ள வண்டைக் கொளுக்கிக் கம்பியால் வெளியே இழுத்துக் கொல்லுக.

தென்னை வைத்திராத கமக்காரரும் இவற்றைக் கவனித்தல் வேண்டும். ஒருவர் கவனியாது விட்ட எருக்குவியலில் வளரும் வண்டுகள் அயலவரின் தென்னங் கன்றுகளையே தாக்கும்.