செல்போன் சாப்பாடு வாங்குமா? கூடையின் கணக்கு



போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "சென்னையில் இருக்கிற என் பையன், செல்போன்கிட்ட பேசியே டிபன் வாங்கிட்டேன்கிறான். அது எப்படி? நாளைக்கு நம்ம கேன்டீனுக்கும் இப்படி ஆர்டர் வருமா?" நல்ல கேள்வி. கூட்டத்தில் நேரம் போதவில்லை, இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஆரம்பத்தில் கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லின. இப்போது நமக்காக வேலையும் செய்கின்றன. அப்படி வேலை செய்வதை 'ஏஜென்ட்' என்கிறார்கள். கடைக்கு ஆள் அனுப்புகிற மாதிரிதான். ஆனால் இந்த ஆள் கடைக்குள் நுழைய முடியாது. கடைக்காரர் திறந்துவிட்ட சன்னல் வழியாகத்தான் கேட்கலாம், வாங்கலாம். அந்தச் சன்னலுக்குக் 'கருவி' என்று பெயர். ஏஜென்டும் கருவியும் பேசிக்கொள்ள எம்.சி.பி. என்ற பொதுவான முறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. நம் நாட்டில் ஸ்விக்கி நிறுவனம் 2026 ஜனவரியில் இந்த முறைப்படி தன் உணவு, மளிகைச் சேவைகளைத் திறந்துவிட்டது.

முகவரி எடு, கடையைத் தேடு, மெனுவைப் பார், கூடையில் போடு, கூடையைக் காட்டு, ஆர்டர் செய். வேலை இவ்வளவுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும். அதை எழுதுபவர் மனிதர், படிப்பது இயந்திரம். ஏஜென்டுக்குக் கடையைப் பற்றித் தெரிவதெல்லாம் அந்தக் குறிப்பில் இருப்பதுதான். எழுதாததை அது ஊகம் செய்யும். வம்பு அங்கேதான் வருகிறது.

கூடைக் கருவியையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் முதலில் 4 தோசை சொல்கிறார். அப்புறம் "இன்னும் 2" என்கிறார். ஏஜென்ட் கருவியிடம் "தோசை, 2" என்று அனுப்புகிறது. கருவி இதைக் 'கூட்டு' என்று எடுத்துக்கொண்டால் 6 தோசை. 'எண்ணிக்கையை 2 ஆக்கு' என்று எடுத்துக்கொண்டால் 4 போய் 2 தான் மிஞ்சும். நம் சேமிப்புப் பாஸ்புத்தகத்தில் 'இந்த மாதம் கட்டியது' கட்டமும் 'மொத்தம்' கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே 100 ரூபாயைக் கட்டம் மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று நம் ஊக்குநர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கூடையிலும் எண் எந்தக் கட்டத்துக்கு என்பதைக் குறிப்பில் தெளிவாக எழுத வேண்டும்.

வேறு கடையிலிருந்து ஒரு பொருளைப் போட்டால் பழைய கூடை காலியாகிவிடுமா என்பதும் அதில் இருக்க வேண்டும். பல ஆப்களில் ஒரு கூடைக்கு ஒரு கடைதான். மனிதர் என்றால் திரையைப் பார்த்து "ஐயோ, போச்சே" என்பார். ஏஜென்ட் அப்படியே தொடர்ந்து போகும்.

அடுத்தது சிக்னல். இது நம் மலைக்கு ரொம்பப் பொருந்தும். போன வருஷம் எங்கள் கேன்டீனுக்கு ஒரு எஸ்டேட்டிலிருந்து 40 சாப்பாடு சொன்னார்கள். பேசும்போதே லைன் கட்டாகிவிட்டது, மறுபடி கூப்பிட்டார்கள். முதல் தடவை ஒருவர் குறித்துக்கொண்டார், இரண்டாம் தடவை இன்னொருவர். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. 80 சாப்பாடு செய்து பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். தப்பு எங்களுடையதுதான்.

ஏஜென்டுக்கும் இதே நிலைதான். பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்பும். '6 ஆக்கு' என்பதை இரண்டு தடவை சொன்னாலும் 6 தான். '2 கூட்டு' என்பது இரண்டு தடவை போனால் 8 ஆகிவிடும். அதனால் 'ஆக்கு' முறைதான் பத்திரம் என்று எனக்குப் படுகிறது. கடைசி ஆர்டர் கருவிக்கு இதுவும் போதாது. பதில் வராவிட்டால் முதலில் ஆர்டர் பட்டியலைப் பார், அதில் இல்லாவிட்டால் மட்டும் மறுபடி அனுப்பு என்று எழுதிவைக்க வேண்டும்.

மறுப்பதற்கும் முறை உண்டு. ஏதாவது விட்டுப்போனால் வெறுமனே 'பிழை' என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்டுக்கு ஒன்றும் புரியாது. 'முட்டை தோசையா, சாதா தோசையா என்று கேட்டுவிட்டு அனுப்பு' என்றால் வேலை நடக்கும். விலையும் அப்படித்தான். மெனுவில் உள்ள விலை வேறு, பார்சல், டெலிவரி, வரி சேர்ந்த கூடை விலை வேறு. அந்தக் கடைசித் தொகையைச் சொல்லி, 'சரி' என்று நம் வாயால் கேட்ட பிறகுதான் ஆர்டர் போக வேண்டும். ஸ்விக்கி இதைத் தொடங்கியபோது சாப்பாடு வந்த பிறகு பணம் என்ற முறைதான் இருந்தது. பணம் வரும் முன்பே அடுப்பு எரிந்துவிடும், இல்லையா?

நம்ம கேன்டீனுக்கு வருமா என்ற கேள்விக்கு: எந்த ஆப்பிலாவது நம் கடை பட்டியலில் இருந்தால் வரலாம். மத்திய அரசு ஆதரவில் வந்த ஓ.என்.டி.சி. 2022 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கிய 5 நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. அதனால் இது நமக்கு ரொம்ப தூரத்து விஷயம் இல்லை. ஆனால் நம் மெனுவை ஏஜென்ட் படித்தால் புரியுமா? எங்கள் பலகையில் 'டிபன்' என்று மட்டும்தான் இருந்தது. போன வாரம் அழித்துவிட்டு இப்படி எழுதினோம்: 'ராகிக் களி, அவரைக் குழம்புடன். ஒருவருக்கு. சைவம். காலை 8 முதல் 10 வரை.' வேர்க்கடலை சேர்க்கும் சட்னிக்குப் பக்கத்தில் அதையும் எழுதினோம். பிளாஸ்டிக் கவர் கிடையாது, பாத்திரம் கொண்டுவரவும் என்றும் போட்டோம். இத்தனையும் எழுதியதில் விலைக்கு இடம் இல்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் பெரிய பலகை வாங்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம்.