முடிவுத்தாளும் காத்திருப்பும்: கருப்பைக் கழுத்துப் பரிசோதனை தரும் அச்சம் பற்றிய ஒரு சமூக நோக்கு

நோய் பற்றிய அச்சத்தைத் தனிமனித மனத்தின் பலவீனமாகக் கொள்வதே பொது வழக்கு. 'தைரியமாக இருங்கள்' என்னும் அறிவுரை அவ்வழக்கிலிருந்தே பிறக்கின்றது. ஆனால், நோயின் அறிகுறி எதுவுமற்ற ஒரு பெண் பரிசோதனைக்குச் சென்று திரும்பிய பின்னர் வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவிப்பாளாயின், அவ்வச்சத்தை உற்பத்தி செய்தது எது என வினவுதல் வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையை முன்வைத்து இவ்வினாவை இங்கு நோக்குகின்றோம். நாம் மருத்துவர் அல்லர். எனினும் பரிசோதனையின் முடிவு ஒரு தாளில் எழுத்தாகவே வந்து சேர்கின்றது. எழுத்தென்றால் அதற்கு மொழி உண்டு, ஆக்கியோர் உண்டு, வாசகர் உண்டு. அவ்வளவில் அது இலக்கிய மாணவரின் அக்கறைக்கும் உரியதே.

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றன. 35 வயதுப் பெண்களும், பின்னர் 45 வயதினரும் பப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர்; கட்டணம் இல்லை. கருப்பைக் கழுத்திலிருந்து வருடி எடுக்கப்படும் கலங்கள் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கப்படுகின்றன. இது நோயை நிர்ணயிக்கும் சோதனை அன்று, அரிதட்டுப் போன்றது. அரிதட்டில் தங்குவன யாவும் கல் அல்ல. இவ்வேறுபாடு விளக்கப்படாதவிடத்து, 'மேலும் ஒரு சோதனைக்கு வருக' என்னும் அழைப்பே தீர்ப்பாக ஒலிக்கின்றது.

இனி முடிவுத்தாளை வாசிப்போம். அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. உலகின் பல பாகங்களிலும் வழங்கும் பெதஸ்டா முறை 1988இல் வகுக்கப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. அம்முறையில் எக்குறையுமற்ற முடிவு எவ்வாறு எழுதப்படுகின்றது? 'நெகற்றிவ் ஃபோர் இன்ராஎபிதீலியல் லீசன் ஓர் மலிக்னன்சி'. 'புற்றுக்கு முந்திய மாற்றமோ புற்றோ காணப்படவில்லை' என்பது இதன் பொருள். நலமுடையாளுக்கு நலம் என்று கூறும் வாக்கியத்திலேயே, அவள் அஞ்சிய சொல் இறுதியில் நின்று கண்ணைக் குத்துகின்றது. அன்றாடப் பேச்சில் நன்மையைக் குறிக்கும் 'பொசிற்றிவ்' இங்கு தீச்செய்தியாகின்றது. 'முக்கியத்துவம் நிர்ணயிக்கப்படாத மாறுபட்ட கலங்கள்' என்னும் பொருள்படும் இன்னொரு தொடரும் உண்டு. விஞ்ஞானம் தனக்குத் தெரியாததைத் தெரியாதென நேர்மையாக ஒப்புக்கொள்ளும் தொடர் அது. வாசிப்பவளோ தன்னிடம் எதையோ மறைக்கின்றார்கள் என்று கொள்கின்றாள். 'திருப்தியற்றது' என்பது எடுக்கப்பட்ட மாதிரியைப் பற்றியதே; அவள் உடலைப் பற்றியதன்று. புற்றுநோய் என்னும் சொல்லுக்கு ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ள பாரத்தையும் மறத்தலாகாது. ஊழலையும் இலஞ்சத்தையும் 'சமூகப் புற்றுநோய்' என்று எழுதுவது முற்போக்கு எழுத்திலும் மலிந்து காணப்படுவதே. இத்தகைய உருவகங்கள் நோயாளியையே தண்டிக்கின்றன என்பதை 1978இல் சூசன் சொன்ராக் விரிவாக எடுத்துக்காட்டினார்.

எச்.பி.வி. வைரசு பற்றிய முடிவு வேறொரு வகை அச்சத்தைக் கொணர்கின்றது. இப்புற்றுநோய்க்கும் அவ்வைரசுக்கும் உள்ள தொடர்பை 1980களில் ஹெரால்ட் சூர் ஹவுசன் நிறுவினார். 2008இல் நோபல் பரிசும் பெற்றார். வைரசு பாலுறவால் தொற்றுவது என்ற செய்தி மட்டும் வீட்டிற்குட் புகுமாயின், விசாரணைக்கூண்டில் நிறுத்தப்படுபவள் பெண்ணே. ஆயின் உண்மை என்ன? பாலுறவு வாழ்வுடைய ஆண், பெண் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர். பெரும்பான்மையான தொற்றுக்களை உடல் இரண்டு ஆண்டுகளுள் தானே நீக்கிவிடுகின்றது. சில ஆண்டுக்கணக்கில் வெளித்தெரியாது கிடக்கவும் கூடும். ஆதலின் யாரிடமிருந்து, எப்போது வந்தது என இப்பரிசோதனை கூறமாட்டாது. கற்பையோ துரோகத்தையோ அளக்கும் கருவியாக அதனைக் கொள்வது அறிவுக்குப் புறம்பானது.

அடுத்த படி கொல்போஸ்கோப்பி. கருப்பைக் கழுத்தில் அசற்றிக்கமிலக் கரைசலைத் தடவி, உருப்பெருக்கும் கருவியால் வெளியிலிருந்தே நோக்குகின்றனர். மாற்றமுள்ள இடம் வெண்மையாகத் தோன்றும். வேண்டுமிடத்து ஒரு சிறு துண்டு இழையம் எடுக்கப்படுகின்றது. சில நிமிடங்களில் முடியும் காரியம். சற்று வலியும், சில நாட்களுக்குச் சிறு கசிவும் இருத்தல் கூடும். காணப்படும் மாற்றம் சி.ஐ.என். 1, 2, 3 என வகுக்கப்படுகின்றது. இவற்றுள் எதுவும் புற்றுநோய் அன்று. முதலாம் படி பெரும்பாலும் தானே மறைகின்றது; மூன்றாம் படிக்குச் சிகிச்சை அவசியம்.

மூன்றாம் படியைச் சிகிச்சையின்றி விட்டால் என்ன நேரும் என்பதை நாம் அறிந்த விதம் கவனத்திற்குரியது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில், தேசிய மகளிர் வைத்தியசாலையில், 1966 முதல் ஹேர்பேர்ட் கிறீன் என்னும் வைத்தியர் இத்தகைய பெண்கள் பலரை உரிய சிகிச்சை வழங்காது அவதானித்து வந்தார். அப்பெண்கள் அதனை அறிந்திருக்கவில்லை. சன்ட்ரா கோனியும் ஃபிலிடா பங்கிளும் 1987இல் எழுதிய கட்டுரை அதனை அம்பலப்படுத்தியது; நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் விசாரணை அறிக்கை 1988இல் வெளியாயிற்று. அப்பெண்களின் பதிவேடுகளை மீள ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, போதிய சிகிச்சை பெறாதோருள் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 31 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் தோன்றியது. உரிய சிகிச்சை பெற்றோருள் அது ஒரு சதவீதத்திலும் குறைவு. 'அவசரப்படத் தேவையில்லை, ஆனால் வராமல் விட்டுவிடாதீர்கள்' என்று இன்றைய வைத்தியர் கூறும் ஆறுதலின் பின்னால், யாரும் ஆறுதல் கூறாத அப்பெண்கள் நிற்கின்றனர்.

காத்திருப்புக்கும் வர்க்கச் சார்பு உண்டு. பணமுடையோர் தனியார் ஆய்வுகூடத்தை நாடித் தம் காத்திருப்பைக் குறுக்கிக்கொள்ள இயலும். மலையகத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ, கொல்போஸ்கோப்பி உள்ள பெரிய வைத்தியசாலைக்குச் செல்வதென்றால் ஒரு நாட் பேர் போய்விடும். பஸ் கட்டணம், வீட்டில் விட்டுச் செல்லும் பிள்ளை, கங்காணிக்குச் சொல்லவேண்டிய காரணம் என்பன வேறு. அவள் செல்லாதுவிட்டால் 'அறியாமை' என்று எழுதிவிடுவது எளிது.

அச்சத்தைத் தணிப்பது எவ்வாறு? துண்டுப்பிரசுரம் அச்சிட்டால் போதும் என்பது அலுவலக மனோபாவம். கொல்போஸ்கோப்பிக்கு வரும் பெண்களின் பதற்றம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2011ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீடு, பிரசுரங்கள் அறிவைப் பெருக்கினவேயன்றிப் பதற்றத்தைக் குறைக்கவில்லை என்று கண்டது. சோதனையின்போது இசை ஒலித்தமை பதற்றத்தைக் குறைத்ததாம். எமக்கு இதில் வியப்பில்லை. அறிவு ஒரு குரலாக வரவேண்டும். அக்குரலுக்கு உரியவர் எம்மிடையே ஏற்கெனவே உள்ளார்: வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாது. முடிவு எந்நாளில், யார் மூலம் வரும். வராவிட்டால் எங்கு விசாரிப்பது. அடுத்த சோதனைக்கு உடன் ஒருவரை அழைத்து வரலாமா என்பவற்றை மாதிரி எடுக்கும் அன்றே கேட்டறிதல் பெண்ணின் உரிமை. மௌனத்தை நல்ல முடிவென்று கொள்ளலாகாது. உறவின் பின்னரோ மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தம் கசியுமாயின், முந்திய முடிவு எதுவாயினும் உடனே வைத்தியரைக் காணவேண்டும். அரிதட்டிலும் சில நழுவுவதுண்டு.

முடிவுத்தாளின் அடியில் தமிழிலும் சிங்களத்திலும் மூன்று வரி எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. 'உங்கள் கலங்களிற் சில மாற்றங்கள் காணப்படுகின்றன. இது புற்றுநோய் உண்டு என்று பொருள்படாது. இன்ன திகதியில், இன்ன இடத்திற்கு, இத்தாளுடன் வாருங்கள்.' இரண்டாம் வரியில் 'புற்றுநோய் இல்லை' என்று எழுதலாகாது. அதனைக் கூறும் ஆற்றல் இச்சோதனைக்கு இல்லை.